உறுமியைக் கேட்டுப் படம் எடுங்கள்

நாளிதழின் நினைவஞ்சலிப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். பல படங்கள் அடையாள அட்டைக்காக எடுத்தவை. விறைத்த கழுத்து, சிரிக்காத முகம். அந்த மனிதர் ஒரு காலத்தில் தோட்டத்துக் கோயிலில் ஊரே பார்க்கக் கரகம் எடுத்து ஆடியவராக இருக்கலாம். வீட்டில் கேட்டால், “படம் எடுத்தோம், ஒன்றும் தெளிவாக விழவில்லை” என்பார்கள்.

விழாததற்குக் காரணம் உண்டு. நம் திருவிழாக்களில் பார்க்க வேண்டியது பலவும் இருட்டில்தான் நடக்கிறது. தைப்பூசத்தன்று புந்தோங் சுங்கை பாரி மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக்கு விடியும் முன்பே காவடிகள் புறப்பட்டுவிடுகின்றன. தோட்டத்துத் திருவிழா என்றால் கரகமும் தீமிதியும் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான். வெளிச்சமும் குறைவு, ஆடுகிறவரும் நிற்கமாட்டார்.

கைப்பேசியில் எடுப்பவர்கள் முதலில் ‘இரவு’ முறையை அணைத்துவிடுங்கள். அது ஓரிரு வினாடிக்குள் பல படங்களை எடுத்து ஒன்றாக ஒட்டுகிறது. கோபுரத்துக்கு அது நல்லது. ஆடுகிறவருக்கோ அந்த நேரத்துக்குள் கை நான்கு இடத்துக்குப் போய்விடும், படத்தில் மஞ்சள் புகைதான் மிஞ்சும். சாதாரண முறையில் வரிசையாகப் பல படங்கள் எடுங்கள். அதில் ஒன்று தேறும்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு: ஆட்டத்தை உறைய வைக்க 1/250 வினாடி வேண்டும். 1/30-ல் கிடைக்கும் வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான் அப்போது கிடைக்கும். ஆகவே லென்ஸ் அகலமாகத் திறக்க வேண்டும். கேமராவோடு வரும் ஜூம் லென்ஸை முழுதும் நீட்டினால் பெரும்பாலும் எஃப் 5.6 தான். விலை குறைந்த 50 மி.மீ. லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். அதாவது, ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம். ஐ.எஸ்.ஓ.வை 3200, தேவைப்பட்டால் 6400 வரை ஏற்றுங்கள். மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும். வரட்டும். புள்ளி விழுந்த முகம் யாருடையது என்று தெரியும், கலங்கிய முகம் தெரியாது. சில விளக்குகளில் படத்தின் குறுக்கே கருங்கோடுகள் விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவை வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன. அங்கே 1/100-க்கு இறங்கிவிடுங்கள்.

இன்னொன்று. கருப்பு வானத்தைப் பார்த்ததும் கேமரா வெளிச்சம் போதவில்லை என்று எண்ணிக்கொண்டு படத்தை வெளுக்க வைக்கும். விபூதி பூசிய நெற்றி சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். ஒரு படி குறைத்து வையுங்கள். இரவு இரவாகவே இருக்கட்டும்.

இதெல்லாம் எண்கள். நான் நம்புவது காதை. உறுமியின் வேகம் கூடிக்கொண்டே போய் ஓரிடத்தில் தாளம் திரும்பும். சுழலும் காவடி திசை மாற அங்கே ஒரு கணம் நிற்கும். குதிக்கிறவரும் மேலே போய் இறங்கும் முன் ஒரு கணம் நிற்பார். அப்போது 1/60 கூடப் போதும். முதல் பத்து நிமிடம் படமே எடுக்காமல் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். ஆட்டம் எங்கே திரும்பும் என்று விரலுக்கே தெரிந்துவிடும்.

தீமிதியில், கோயில் நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு, பூக்குழியின் கடைசி முனையில் ஓரமாக நில்லுங்கள். முகங்கள் உங்களை நோக்கி வரும். குழியின் நடுப்பகுதிக்கு முன்கூட்டியே ஃபோகஸ் செய்து காத்திருங்கள். பிளாஷ் மட்டும் வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண்ணில் அது அடித்தால், நெருப்பில் நடப்பவருக்கு அடுத்த அடி தெரியாது. அருள் வந்து ஆடுபவரின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டுவதும் முறையல்ல. அவர் நமக்காக ஆடவில்லை.

ஏன் இவ்வளவு பாடு? பேராக்கில் பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள் பல. லயங்கள் காலியாகி, ஆட்கள் ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் போய்விட்டார்கள். சில இடங்களில் கோயில் மட்டும் நிற்கிறது. வருடத்தில் ஒருநாள் எல்லோரும் கார் ஏறி வருகிறார்கள். இந்தப் பெரியவருக்குப் பிறகு கரகம் எடுக்கப்போவது யார் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

சுங்கை சிப்புட் பக்கம் அப்படி ஒரு தோட்டத்தில் ஆடிய பெரியவருக்கு, அவருடைய படத்தை அச்சிட்டு மறுமாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். “நான் ஆடறப்ப இப்படித்தான் இருப்பேனா?” என்றார். அத்தனை வருடம் ஆடியவர், தன் ஆட்டத்தைத் தான் பார்த்ததே இல்லை.

ஆகவே, வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு விட்டுவிடாதீர்கள், அதில் படத்தின் தரமும் குறைந்துவிடும். நல்லதாக ஒன்றைத் தேர்ந்து அச்சிட்டு, பின்பக்கம் பெயர், தோட்டம், ஆண்டு மூன்றையும் எழுதி அவர் கையில் கொடுங்கள்.