அறைக்குள் அடிக்கும் புயல்

"கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் ஆராய்ச்சி செய்வதென்றால் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டும், அதற்கு வக்கில்லாவிட்டால் பெங்களூருக்காவது போக வேண்டும். கடலூரிலும் சிதம்பரத்திலும் உட்கார்ந்துகொண்டு என்னத்தை ஆராய்வது?" என்று கேட்கிற படித்தவர்கள் நம்மிடையே ஏராளம். இவர்களெல்லாம் இந்த ஜில்லாவில் பிறந்து, இங்கேயே பட்டமும் வாங்கியவர்கள் என்பதுதான் வேடிக்கை. இவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம். இவர்கள் சொல்வதை மெய்யாக்கிக் காட்டுவது போல ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். இரு சாராருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் இங்கே எடுத்துக்கொண்டது ஒரு துறையைத்தான். ஒரு காரியத்தை ஒரே கம்ப்யூட்டரின் தலையில் கட்டாமல், வெவ்வேறு இடங்களிலுள்ள பல கம்ப்யூட்டர்களுக்குப் பங்கிட்டு, வலைப்பின்னலால் இணைத்து, கூடிச் செய்விப்பது எப்படி என்று ஆராய்கிற துறை அது. சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் தேரோட்டம் பார்த்தவனுக்கு இது புரியாத சங்கதியல்ல. வடம் பிடிக்கிறவர்கள் எத்தனையோ பேர். நாலு பேர் களைத்துக் கையை விட்டால் தேர் நின்றுவிடுவதில்லை.

1964-இல் பால் பாரன் என்ற அமெரிக்கர் இதைத்தான் எழுதினார்: அணுகுண்டு விழுந்து பல நிலையங்கள் நாசமானாலும், எஞ்சியவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும்படி ஒரு வலையை அமைக்க முடியும் என்று. 1978-இல் லெஸ்லி லாம்போர்ட் வேறொரு சிக்கலை எடுத்தார். ஆளுக்கொரு கடிகாரம், ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அப்படியிருக்க எது முந்தி, எது பிந்தி? செய்தியை அனுப்பியது முந்தி, பெற்றது பிந்தி என்ற ஒரே நிச்சயத்தைப் பிடித்துக்கொண்டு வரிசைப்படுத்தும் வழியைக் காட்டினார். 1982-இல் அவரும் இரண்டு சகாக்களும் பொய்யனையும் கணக்கில் சேர்த்தார்கள். வெறும் வாய்ச்சொல்லை நம்பி முடிவெடுக்கும் மூவரில் ஒருவன் துரோகியானால், மற்ற இருவரும் ஒன்றுபடுவதற்கு நிச்சயமான வழி கிடையாது. நால்வராக இருந்தால் உண்டு என்று நிரூபித்தார்கள்.

ஆக, எதுவோ ஒன்று எப்போதோ விழத்தான் போகிறது என்று முன்னதாகவே ஒப்புக்கொண்டு, விழுந்த பிறகும் காரியம் எப்படி நடக்கும் என்று கேட்கிற விஞ்ஞானம் இது. விழுவதைப் பற்றிக் கடலூருக்கு யார் ஐயா பாடம் நடத்த முடியும்? 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கடற்கரையில் அறுநூறு பேருக்கு மேல் அலை கொண்டுபோயிற்று. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது போலவே மின்கம்பங்களையும் சாய்த்தது, செல்போன்கள் ஊமையாயின, பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்காயிற்று. 2015-இல் வெள்ளம்.

பக்கத்திலே புதுவையைச் சேர்ந்த நல்லவாடு என்ற மீனவர் கிராமம். சுனாமி அன்று, சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அதை ஊருக்குச் சொல்லிற்று. மூவாயிரத்துச் சொச்சம் பேர் பிழைத்தார்கள். எந்தத் தலைமை அலுவலகத்தின் உத்தரவுக்கும் அந்தச் செய்தி காத்திருக்கவில்லை. இருந்த இழையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது. அந்த இழையும் 'தானே' அன்று போல அறுந்திருந்தால்? அதுதான் ஆராய்ச்சி!

நம் கல்லூரிகளில் நடப்பதென்ன? குளிர்சாதன அறையில், தடையில்லா மின்சாரத்தில், கம்ப்யூட்டர் திரைக்குள் ஒரு போலி வலை. ஐம்பது புள்ளிகள், ஐம்பதும் ஒழுங்காக நகரும். அதிலே ஒரு புள்ளியை அணைத்துவிட்டு, 'என் முறை முந்தைய முறையைவிட மேலானது' என்று ஒரு கட்டுரை. அறைக்குள் அடிக்கிற புயலில் யாருடைய ஓலைக் கூரையும் பறப்பதில்லை! போலி வலை கூடவே கூடாது என்பதல்ல என் வாதம். கணக்குக்கு அது வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிட்டதை ஆராய்ச்சி என்று சொல்லாதீர்கள்.

பழி அவர்கள் மேல் மட்டுமல்ல. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியரின் உயர்வுக்குப் புள்ளிக்கணக்குப் போட்டது. கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை என்று எண்ணினால், எண்ணிக்கைதான் வளரும். ஆராய்ச்சிப் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற விதியை 2022-இல் எடுத்துவிட்டார்கள். விதி போயிற்று, புத்தி போகவில்லை.

'எங்களுக்குப் பணம் ஏது, கருவி ஏது?' என்பார்கள். தேனிக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனையையும் கிராமங்களிலிருந்த அதன் கண் பரிசோதனை நிலையங்களையும், வீட்டுக்குள் பயன்படுகிற சாதாரண வைஃபை கருவிகளைக் கொண்டே இணைத்தார்கள் பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள். அவர்களில் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துப் பின்னர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன். நெடுந்தூரத்தில் 'கிடைத்தது' என்ற பதில் தாமதமாக வரும். அதற்குள் கருவி பொறுமையிழந்து அதையே மறுபடி அனுப்பும். அதனால் ஆளுக்கொரு முறை வகுத்து, பதில்களை மொத்தமாகத் தரச் செய்தார்கள். அதைவிடப் பெரிய பாடம் ஒன்றும் அங்கேதான் கிடைத்தது: கருவிகளைக் கொன்றது தூரம் அல்ல, ஏறி இறங்குகிற நம் மின்சாரம். எந்தப் போலி வலை இதைச் சொல்லியிருக்கும்?

இதற்கு முன்மாதிரி தேடி நாம் பெர்க்லிக்கும் போக வேண்டியதில்லை. கடல் உயிர்களை ஆராய நினைத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அந்தத் துறையை அண்ணாமலைநகரில் தொட்டி கட்டி வைக்கவில்லை. பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தில் கொண்டுபோய் வைத்தது. மீன் இருக்குமிடத்துக்கு விஞ்ஞானி போனான். வலை அறுகிற இடத்துக்குக் கம்ப்யூட்டர் விஞ்ஞானி போகக் கூடாதா?

இந்த ஜில்லாவில் ஆராய்ச்சிப் பட்டம் கேட்டு வருகிற ஒவ்வொருவரையும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: வருகிற கார்த்திகையில் புயலடித்தால் தேவனாம்பட்டினத்தில் முதலில் எந்தக் கோபுரம் ஊமையாகும்? அதன் பாட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? அப்புறம் அங்கிருக்கிற மீனவனுக்குச் செய்தி எந்த வழியாகப் போகும்? பதில் சொல்கிறவனுக்குப் பட்டம் கொடுங்கள். கட்டுரையை அவன் பிறகு எழுதிக்கொள்ளட்டும்.