திறன் பகிர்வுச் சுற்றறிக்கை: தொழில்நுட்பப் பணியாளர் சங்கத்தின் நிலைப்பாடு

போக்குவரத்துக் கழக நிர்வாகம் சென்ற மாதம் எல்லாப் பணிமனைகளுக்கும் அனுப்பிய திறன் பகிர்வுச் சுற்றறிக்கையை உறுப்பினர்கள் படித்திருப்பார்கள். அதன் பின்னணியும் தெரிந்ததே. தேய்ந்த பாகங்களைப் புதுப்பிக்கும் ஆர்.சி. யூனிட்டின் வேலையை வெளியில் கொடுக்கும் விவகாரத்தில் இதுவரை நடந்த பேச்சுவார்த்தைகளை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. மூத்த டெக்னீஷியன்கள் தாங்கள் செய்யும் வேலையைக் கைபேசியில் படம்பிடித்து நிர்வாகத்தின் செயலியில் ஏற்ற வேண்டும், ஓய்வு நெருங்குகிறவர்கள் முதலில் ஏற்ற வேண்டும், ஏற்றிய விவரம் பணிப்பதிவேட்டில் குறிக்கப்படும் என்பது உத்தரவின் சாரம். அனுபவ அறிவு கழகத்துக்குள்ளேயே தங்க வேண்டும், அடுத்து வருகிறவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற நோக்கத்தைச் சங்கம் கொள்கையளவில் வரவேற்கிறது. இந்த வாக்கியத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று செயற்குழுவில் நெடுநேரம் விவாதம் நடந்தது. பெரும்பான்மை முடிவின்படி சேர்த்திருக்கிறோம். ஆனால் அடுத்து வருகிறவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அந்தச் சுற்றறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

எதை அறிவு என்று நிர்வாகம் நினைக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். டிஃபரன்ஷியலில் கிரவுன், பினியன் செட்டிங்கை எடுத்துக்கொள்ளலாம். பேக்லாஷ் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது கம்பெனி மேனுவலில் இருக்கிறது. டயல் கேஜ் வைத்து அளக்க ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பல்லில் நீலச் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்து, தடம் பல்லின் நுனிப்பக்கம் விழுகிறதா, அடிப்பக்கம் விழுகிறதா என்று கவனித்து ஷிம்மைக் கூட்டுவதும் குறைப்பதும்கூட படம் போட்டு விளக்கக்கூடியதே. ஆனால் மேனுவலில் இருப்பது புதுப் பல்லுக்கு வரைந்த படம். நம் கைக்கு வருவது வருடக்கணக்கில் ஓடித் தேய்ந்த செட். அதில் தடம் மேனுவல் காட்டுகிற மாதிரி விழாது. விழுந்திருக்கும் தடம் தேய்மானத்தால் வந்ததா, செட்டிங் பிசகியதால் வந்ததா என்று பிரித்துச் சொல்வதுதான் தொழில். வண்டி ஊளையிடுகிறது என்று டிரைவர் எழுதிக் கொடுத்தால், ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதா, காலை எடுக்கும்போதா என்று கேட்டு, கூடவே ஒரு ரவுண்டு போய்வந்து, ஹவுசிங்கைப் பிரிக்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டுமா என்று முடிவு சொல்லும் ஆள் பணிமனைக்கு ஒருவராவது இருப்பார். அவரைப் பத்து நிமிடம் படம்பிடித்தால் அவருடைய கை அசைவு கிடைக்கும். எதைப் பார்த்து எதை வேண்டாமென்று ஒதுக்கினார் என்பது படத்தில் வராது. பக்கத்தில் நிற்கிற ஒருவர் ‘இது ஏன் வேண்டாம்ணே?’ என்று கேட்கும்போதுதான் அது அவர் வாயில் வரும்.

தொழில் பெருமைக்காகச் சொல்கிறோம் என்று நினைக்க வேண்டாம். ஜெராக்ஸ் நிறுவனத்தில் பழுது நீக்கும் டெக்னீஷியன்களோடு 1980-களில் கூடவே திரிந்து ஆய்வு செய்த மானுடவியலாளர் ஜூலியன் ஆர், 1996-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். எந்தப் பழுதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று நிறுவனம் படிப்படியாக எழுதிக் கொடுத்திருந்தது. அந்த எழுத்துக்குள் அடங்காத பழுதுகளை அவர்கள் தீர்த்தது, சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பழுதுக் கதைகளை வைத்துத்தான் என்று அவர் கண்டார். நிர்வாகத் தரப்பில் இதே ஜெராக்ஸை நமக்கே உதாரணம் காட்டுகிறார்கள்: அங்கே 1990-களில் யுரேகா என்ற தகவல் தளம் வெற்றி பெற்றதே, இங்கே ஏன் முடியாது? முடியும். யுரேகாவில் குறிப்பு எழுதியவர்கள் டெக்னீஷியன்கள், சரிபார்த்தவர்களும் டெக்னீஷியன்கள், எழுதியவர் பெயர் குறிப்போடு நின்றது. படித்துப் பயன்படுத்த அங்கே வேலையில் ஆட்களும் இருந்தார்கள். நம் செயலியில் பெயர் போட இடமில்லை, ஊழியர் எண் மட்டுமே. சரிபார்க்கப் போவது தலைமையகம் அமர்த்தும் ஒரு வெளி நிறுவனம். ஷிம் என்றால் என்னவென்று தெரிந்தவர் அந்த நிறுவனத்தில் ஒருவராவது இருப்பார் என்று நம்ப விரும்புகிறோம்.

ஆவணம் இருந்தால் ஆள் போனாலும் சமாளிக்கலாம் என்ற வாதத்துக்கும் ஒரு பதில் உண்டு. அமெரிக்காவின் டபிள்யூ-76 அணு ஆயுதத்தைப் புதுப்பிக்க ஃபாக்பேங்க் என்ற பொருள் மறுபடி தேவைப்பட்டது. 1980-களில் அங்கேயே தயாரித்ததுதான். செய்முறைப் பதிவுகள் குறைவு, செய்யத் தெரிந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஓய்வு பெற்றோ விலகியோ போய்விட்டார்கள் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2009-ல் எழுதியது. பெரும் பணம் செலவழித்துத் திரும்பச் செய்து பார்த்தபோதும் பொருள் சரியாக வரவில்லை. பழைய மூலப்பொருளில் கலந்திருந்த ஓர் அசுத்தம்தான் காரியம் செய்திருக்கிறது என்பதும், அது பழைய ஆட்களுக்கே தெரியாது என்பதும் பிறகுதான் புலப்பட்டன. செய்கிறவருக்கே தெரியாமல் வேலைக்குள் இருக்கும் அறிவை அவரையே எழுதச் சொல்லி வாங்க முடியாது. வேலை விடாமல் நடந்துகொண்டிருந்தால்தான் அது நிற்கும். ஆர்.சி. யூனிட்டின் வேலையைப் பகுதி பகுதியாக வெளியில் கொடுத்துக்கொண்டே, அந்த யூனிட்டின் அறிவை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம்.

இனி, செயற்குழுவில் கருத்து வேறுபாடே இல்லாத விஷயத்துக்கு வருவோம். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் நம் பணிமனைகளுக்கு அப்ரண்டிஸாக வருகிறார்கள். டீசல் மெக்கானிக், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர். முதல் சில மாதம் கிரீஸ் அடிப்பது, டயர் உருட்டுவது, சாமான் எடுத்துக் கொடுப்பது. பிறகு ஸ்பேனர் கைக்கு வருகிறது. வருடக் கடைசியில் பிரேக் டிரம்மைக் கழற்றி லைனிங் மாற்றி, ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சரிசெய்து, சூபர்வைசர் கையெழுத்துக்கு வண்டியைத் தயாராக நிறுத்துகிற அளவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் பயிற்சிக் காலம் முடிகிறது. சான்றிதழைக் கையில் கொடுத்து, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறோம். அடுத்த வாரம் புதிய அணி வருகிறது, மறுபடி கிரீஸிலிருந்து ஆரம்பம். தொழில்நுட்பப் பிரிவில் கடைசியாக நிரந்தர நியமனம் எப்போது நடந்தது என்பதை உறுப்பினர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. காலி இடத்தில் வருகிறவர் ஏஜென்சி ஆள். அவரும் சில மாதத்தில் வேறு இடத்துக்கு மாற்றப்படுகிறார், அல்லது கூலி போதாமல் தானே போய்விடுகிறார். அறிவு கழகத்தை விட்டு வெளியேறுகிறது என்று சுற்றறிக்கை கவலைப்படுகிறதே, அது வருடா வருடம் சான்றிதழோடு வாசல் வழியாகத்தான் வெளியேறுகிறது. வாசலைத் திறந்து விடுவது யார்?

பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுக்கச் சட்டத்தில் கட்டாயம் இல்லை என்பது நிர்வாகத்தின் வழக்கமான பதில். கட்டாயம் இல்லைதான். ஆனால் 2014 திருத்தத்தின்படி, தன்னிடம் பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது குறித்து ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுத்தாக வேண்டும். நம் கழகத்தின் கொள்கை எது? எழுத்தில் கேட்டோம், பதில் வரவில்லை. அதற்கும் முன்பே 1995-ல் உச்ச நீதிமன்றம் உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழக அப்ரண்டிஸ்கள் வழக்கில், ஆம், ஒரு பஸ் கழகத்தின் வழக்கிலேயே, நான்கு விஷயங்களைச் சொல்லிவிட்டது. மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் நேரடியாக வருகிறவரைவிடப் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை. அவருக்கு வேலைவாய்ப்பு அலுவலகப் பரிந்துரை தேவையில்லை. வயது வரம்பு குறுக்கே வந்து பணிவிதி அது பற்றி மௌனமாக இருந்தால், பயிற்சிக் காலத்தின் அளவுக்குத் தளர்வு. பயிற்சி முடித்தவர்களின் பட்டியலை ஆண்டுவாரியாக வைத்திருக்க வேண்டும், முந்தி முடித்தவர் மூத்தவர். அந்தப் பட்டியலை எங்காவது பார்த்ததுண்டா என்று எல்லாக் கிளைகளையும் கேட்டோம். எந்தக் கிளையும் பார்த்ததில்லை. திறனைத் தேடிச் செயலி வாங்கப் பணம் இருக்கிறது. நாமே பழக்கிவிட்ட பிள்ளைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைக்க மனம் இல்லை.

செயலியைப் பற்றி இன்னொன்று. உள்ளே நுழைய ஊழியர் எண் வேண்டும். அப்ரண்டிஸுக்கு ஊழியர் எண் கிடையாது. ஏஜென்சி ஆளுக்கும் கிடையாது. ஆக, ஓய்வு பெறப்போகிறவர் ஏற்றும் வீடியோவைப் பார்க்கும் உரிமை அவரைப் போலவே ஓய்வு பெறப்போகிறவர்களுக்குத்தான் இருக்கிறது. பந்தி பரிமாற ஏற்பாடு செய்துவிட்டு உட்காருகிறவரை வாசலில் நிறுத்தி வைத்தது போல. இதைச் சிரித்துவிட்டுக் கடக்க முடியாது, காரணம் பாதுகாப்பு. ஸ்பிரிங் பிரேக் சேம்பரைப் பிரிக்கும் முன் கேஜிங் போல்ட்டைப் போட்டு உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அடக்க வேண்டும். அடக்காமல் கிளாம்பைக் கழற்றினால் அது பாய்ந்து வரும் வேகத்தில் ஆள் செத்துப்போவார். எங்களில் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்த ஒரு மூத்தவர் இருந்தார். நேற்று வந்த ஏஜென்சி ஆளுக்கு யார் சொல்வது? பயிற்சி வகுப்புக்கு அவர் பெயர் வராது. அடிபட்டால் அவர் எங்கள் ஊழியர் இல்லை என்று சொல்ல மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இதைவிடக் கடுமையாக எழுதப்பட்ட ஒரு வாக்கியம் இங்கே இருந்தது. செயற்குழு அதை நீக்கியிருக்கிறது.

மூத்தவர்கள் தொழிலை மறைக்கிறார்கள், அதனால்தான் இந்த உத்தரவு என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிப்பட்டவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. கற்றுக்கொடுத்தால் தன் வேலை வெளியில் போய்விடும் என்று ஒருவர் பயப்படுகிறார் என்றால், அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆர்.சி. யூனிட்டே சாட்சி. தினசரி வேலைப் பங்கீட்டில் கற்றுக்கொடுப்பதற்கென்று ஒரு நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை. காலை ஷிஃப்ட்டில் வண்டி வெளியே போக வேண்டும் என்ற அவசரத்துக்கு நடுவில் திருடிய நேரத்தில்தான் இதுவரை எல்லாம் கற்பிக்கப்பட்டிருக்கிறது. கற்பிப்பதற்குத் தனிப் படி கேட்கலாமா என்பதில் கிளைகளிடையே இருவேறு கருத்து இருப்பதால், அது உரிய நேரத்தில் பரிசீலிக்கப்படும். நேரம் ஒதுக்க வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை.

கழகம் நஷ்டத்தில் ஓடும்போது ஆள் எடுப்பது எப்படி என்கிறார்கள். பேருந்துக் கட்டணம் 2018 ஜனவரியில் உயர்ந்ததும், அதன் பிறகு டீசல் விலை எங்கே போனது என்பதும் எங்களுக்கும் தெரியும். வெளியில் கொடுத்துச் சரிசெய்த யூனிட் எத்தனை கிலோமீட்டர் தாங்கியது, நம் ஆட்கள் கட்டிய யூனிட் எத்தனை தாங்கியது என்ற கணக்கு தலைமையகத்தில் இருக்கிறது. அதை மேசையில் வைத்தால் நஷ்டத்தைப் பற்றி நாமும் பேசத் தயார்.

பழைய கைத்திறனுக்கு இனி வேலையில்லை, எல்லாம் எலக்ட்ரானிக்ஸ் என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 மாசு விதி வந்த பிறகு, புகையைச் சுத்திகரிக்கும் ஆட்ப்ளூ அமைப்பில் கோளாறு என்றால் இன்ஜின் இழுவையைத் தானே குறைத்துக்கொள்கிறது. காதால் கேட்டுக் கண்டுபிடிக்க அதில் ஒன்றுமில்லை, ஸ்கேனர் வேண்டும். அந்த ஸ்கேனரையும் அதற்கான பயிற்சியையும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பராமரிப்பு ஒப்பந்தப்படி கம்பெனி ஆள் லேப்டாப்போடு வருகிறார், நம் ஆள் பக்கத்தில் டார்ச் பிடிக்கிறார். மின்சாரப் பேருந்தில் அந்த டார்ச்சுக்கும் வேலை இருக்காது போலிருக்கிறது. சென்னையில் 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடியிலிருந்து ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகளில் கண்டக்டர் மட்டுமே கழகத்து ஆள். ஓட்டுவதும் பராமரிப்பதும் ஒப்பந்த நிறுவனம். ஒப்பந்தம் முடிகிற அன்று அந்த அனுபவம் யாரோடு போகும் என்பதைச் சுற்றறிக்கை எழுதியவர்கள் யோசித்திருக்கலாம். மற்ற கழகங்களிலும் அதே முறைதான் வரப்போகிறது என்றால், டெக்னீஷியன்களுக்கு உயர் மின்னழுத்தப் பயிற்சியை ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.

மேனுவல்களைத் தமிழில் தருவது, பெண் டெக்னீஷியன்களுக்கு உடை மாற்றும் அறை, கே.எம்.பி.எல். (லிட்டருக்கு ஓடும் கிலோமீட்டர்) நன்றாகக் காட்டும் டிரைவர்களைப் புதியவர்களுக்கு வழிகாட்டியாக அமர்த்துவது ஆகிய கோரிக்கைகள் தனி மனுவில் உள்ளபடியே தொடர்கின்றன.

ஆகவே, அப்ரண்டிஸ்களை எடுப்பது குறித்த கொள்கை எழுத்தில் வெளியாகி, ஆர்.சி. யூனிட் வேலைகளை வெளியில் கொடுப்பது நிறுத்தப்பட்டு, பதிவுகளில் டெக்னீஷியனின் பெயரும் டெக்னீஷியன்களின் சரிபார்ப்பும் உறுதியாகும் வரை, உறுப்பினர்கள் செயலியில் எதையும் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். இது ஒத்துழையாமை ஆகாது என்பதைச் சட்ட ஆலோசகரின் அறிவுரைப்படி தெளிவுபடுத்துகிறோம். ஏற்கெனவே ஏற்றியவர்களைக் கிளைகளில் யாரும் குறை சொல்லக் கூடாது. ஓய்வுக்காலப் பலன்கள் தாமதமாகுமோ என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. அப்ரண்டிஸ்களுக்கும் ஏஜென்சி ஆட்களுக்கும் பக்கத்தில் நிறுத்தி வேலை சொல்லிக்கொடுப்பது எப்போதும் போல் நடக்க வேண்டும், முன்னைவிட அதிகமாக நடக்க வேண்டும். நிர்வாகம் வைக்காத பட்டியலைக் கிளைகளே தயாரிக்கும்: தங்கள் பணிமனையில் பயிற்சி முடித்தவர்களின் பெயர், தொழில் பிரிவு, முடித்த ஆண்டு, இப்போது என்ன வேலை செய்கிறார்கள் என்ற விவரம், அவரவர் சம்மதத்தோடு. படிவம் கிளைச் செயலாளர்களுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. பொதுக்குழுவுக்கு முன் பட்டியல்கள் மாநில அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். ஒரு நகல் நிர்வாக இயக்குநரிடமும் இன்னொரு நகல் தொழில் பழகுநர் ஆலோசகரிடமும் நேரில் கொடுக்கப்படும்.