புது வீடு முடியும் முன்பே பழைய வீட்டைக் காலி செய்த பெர்லின்: ஒரு காந்தத்தின் கதை

போன் ஸ்பீக்கரிலும் காந்தம் இருக்கு, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டாரிலும் இருக்கு. அந்தக் காந்தத்துக்குள் அணுக்கள் என்ன செய்கின்றன என்று எட்டிப் பார்க்கச் சரியான ஆள், நியூட்ரான். மின்சுமை இல்லாததால் பொருளுக்குள் ஆழமாகப் போகும். அதுவே ஒரு குட்டிக் காந்தம் என்பதால், உள்ளே இருக்கும் அணுக்களின் காந்தத்தன்மை அதைத் திசை திருப்பும்.

கேரம் போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். காயைத் தட்டியதும் ஸ்ட்ரைக்கரின் வேகம் குறையும். எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், காய்க்கு எவ்வளவு ஆற்றல் போனது என்று தெரிந்துவிடும். நியூட்ரான் ஸ்பெக்ட்ரோமீட்டர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். உள்ளே போன வேகம், வெளியே வந்த வேகம், திரும்பிய கோணம் ஆகியவற்றை வைத்து, அணுக் காந்தங்களுக்கு இடையே ஓடும் அலையைக் கணக்கிடுகிறார்கள். கனடாவின் சாக் ரிவரில் 1950-களில் இந்தக் கருவியை வளர்த்தெடுத்த பெர்ட்ராம் பிராக்ஹவுஸுக்கு நோபல் பரிசு வந்தது 1994-ல். ரொம்ப லேட்டுதான்!

சரி, பெர்லினுக்கு வருவோம். அங்கே ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையத்தின் 10 மெகாவாட் ஆய்வு உலையில், அமெரிக்காவின் டல்லஹாசி ஆய்வகத்தோடு சேர்ந்து ஒரு ராட்சதக் காந்தம் தயாரானது. 2014-ல் அது 26 டெஸ்லாவைத் தொட்டது. ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பொதுவாக இருப்பது 1.5 அல்லது 3 டெஸ்லாதான். நியூட்ரான் ஆய்வுக்கு இவ்வளவு வலுவான நிலையான காந்தப்புலம் அப்போது உலகில் வேறெங்கும் கிடையாது. சில பொருள்களில் அணுக் காந்தங்களின் அடுக்கு இப்படிப்பட்ட புலத்தில் மட்டுமே மாறும். எப்படி மாறியது என்பதை நேரடியாகக் காட்ட நியூட்ரான் வேண்டும்.

கொடுமை என்னன்னா, உலையை மூடும் முடிவு 2013-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. 2019 டிசம்பரில் உலை நின்றது. காந்தத்துக்கு முழுதாகக் கிடைத்தது சில ஆண்டுகள்தான்.

வயதான உலையை என்றென்றும் ஓட்ட முடியாது என்பது நியாயம். ஆனால் அதே ஆண்டு பிரான்ஸின் ஓர்ஃபே உலையும் மூடப்பட்டது. இவற்றின் இடத்தை நிரப்ப வேண்டிய ஐரோப்பிய மையம் ஸ்வீடனின் லுண்டில் 2014 முதல் கட்டுமானத்தில் இருக்கிறது. 2023-ல் ஆய்வாளர்களுக்குத் திறப்பதாகச் சொன்னது தள்ளிப்போனது. கட்டுமானம் தாமதமாகலாம், மூன்று நான்கு வருட பி.எச்டி. காத்திருக்காது. மிச்சமிருக்கும் உலைகளில் சில நாள் நேரம் கேட்டு மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

ஸ்பெக்ட்ரோமீட்டரைக் கழற்றி வேறு மையத்துக்குக் கொண்டுபோகலாம். தனி மின்சப்ளை, தனி குளிரூட்டும் அமைப்போடு கட்டிய காந்தத்தை அவ்வளவு சுலபமாக லாரியில் ஏற்ற முடியாது.