அது யார் காசு?

“அவங்காசு, அவன் பறக்குறான். ஒனக்கெதுக்குய்யா வயித்தெரிச்சல்?” கோடீஸ்வரர்களின் விண்வெளிப் பயணத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது முற்போக்குத் தோழர் ஒருவர் என்னைக் கேட்டார். அவருக்குத்தான் இந்தப் பதில்.

2021 ஜூலை 20. டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பாலை நிலத்திலிருந்து ஜெஃப் பெசோஸ் தன் சொந்தக் கம்பெனி ராக்கெட்டில் ஏறிப் போனார். சுமார் பத்து நிமிஷம். இறங்கி வந்ததும் அமேசான் தொழிலாளர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நன்றி சொன்னார். இதுக்கெல்லாம் காசு கொடுத்தது நீங்கதான் என்றார். அவங்காசு இல்லைன்னு அவனே ஒத்துக்கிட்டான். நீங்க ஏன் தோழரே வக்காலத்து வாங்குறீங்க?

காசு கொடுத்தவர்கள் யார்? அலபாமா மாநிலத்தில் பெஸ்ஸமர் என்ற ஊரின் அமேசான் கிடங்கு. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். சங்கம் கேட்டார்கள், கம்பெனி மூர்க்கமாக எதிர்த்தது. 2021 ஏப்ரலில் வாக்கு எண்ணியபோது ஆதரவு 738, எதிர்ப்பு 1,798. கம்பெனி குறுக்கிட்டது என்று சொல்லி, அந்த நவம்பரில் தொழிலாளர் வாரியமே மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது. பாட்டிலில் மூத்திரம் பெய்கிறார்கள் என்பதைக் கிண்டலடித்து மறுத்த கம்பெனி, வண்டியோட்டிகள் கழிப்பறை கிடைக்காமல் தவிப்பதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டதும் அதே ஏப்ரலில்தான். 2007, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பெசோஸ் கூட்டரசு வருமான வரி ஒரு டாலர்கூடக் கட்டவில்லை என்று புரோபப்ளிகா வெளியிட்டது அந்த ஜூனில்.

“கறுப்பரையும் ஏத்திட்டுப் போனாங்களே?” என்பார்கள். எட் டுவைட் விமானப்படை விமானி. கென்னடி காலத்தில் விண்வெளி வீரராகப் பயிற்சி பெற்றவர். 1963இல் நாசா தேர்ந்தெடுத்த 14 பேரில் அவர் பெயர் இல்லை. பயிற்சியில் நிறவெறியைச் சந்தித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 2024 மே 19இல், 90 வயதில், பெசோஸ் கம்பெனி ராக்கெட்டில் போனார். இடத்துக்குத் தொண்டு அமைப்பு உதவியது. அந்தக் கிழவரின் சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரசு மறுத்த உரிமை, அறுபது வருஷம் கழித்துத் தருமமாகத் திரும்பி வந்தது.

உரிமையை வாசலில் போய் நின்று கேட்கலாம். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 கிளம்பும் முன், ரால்ஃப் அபர்னாதி ஏழைகளையும் கோவேறு கழுதை வண்டியையும் கூட்டிக்கொண்டு ஏவுதளத்துக்கே போனார். நாசாவின் தலைவர் வெளியே வந்து அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஏன்னா அது மக்கள் வரிப்பணம். தருமம் போடுறவன் வாசலில் எதைக் கேட்பது? கும்பிடத்தான் முடியும். கும்பிட்டுக் கும்பிட்டுக் கூன் விழுந்த முதுகு நம்முடையது. நமக்கா இது தெரியாது?

வானத்தோடு எனக்குப் பகை இல்லை. நன்றியும் வேண்டாம். கணக்கைக் கொடு. வரியைக் கட்டு. சங்கத்துக்கு வழிவிடு. அதுக்கப்புறம் மிச்சமிருந்தா பற.