கோயில் அடுப்பு: தீயைப் பார்த்து வாங்காதீர்கள், காலைப் பார்த்து வாங்குங்கள்



முன்பெல்லாம் திருவிழா அன்னதானத்துக்கு அடுப்பைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. ரப்பர் மரம் சாய்த்த காட்டில் விறகு கிடைத்தது. மண்ணில் வெட்டிய அடுப்பிலே அண்டா ஏறியது. இன்று பல தோட்டங்களில் நிற்பது செம்பனைதான். அதன் மட்டையை நம்பி ஐந்நூறு பேருக்குச் சோறு வடிக்க முடியாது. ஆகவே கோயில் கமிட்டிகளும் கல்யாண வீடுகளும் ஹைபிரஷர் காஸ் அடுப்புக்கு மாறிவிட்டன. மாறியது நல்லதுதான். புகை இல்லை, கண் எரிச்சல் இல்லை. ஆனால் நாம் அந்த அடுப்பை வாங்கும் முறைதான் சரியில்லை என்பது என் கருத்து.

கடையில் போய் நின்றவுடன் நாம் கேட்பது, "எது ரொம்ப வேகமா எரியும்?" என்பதே. தீ சீறுவதைப் பார்த்ததும் திருப்தியாகி, காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். மருந்து அறைக்கு வருகிறவர்களைப் பார்க்கும் நான் சொல்கிறேன்: தீ சுட்டு வருகிறவர்களைவிட, வெந்நீரும் குழம்பும் கொட்டி வருகிறவர்களே அதிகம். பாத்திரம் சாய்வதுதான் முதல் ஆபத்து. 50 லிட்டர் சாம்பார் அண்டாவோடு சேர்ந்து 55 கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தாங்குவது அடுப்பின் கால். ஆகவே முதலில் காலைப் பாருங்கள்.

மூன்று கால் அடுப்பு வேண்டாம். அகலமாக விரிந்த நான்கு கால் வேண்டும். அடுப்பின் அகலம் அண்டாவின் அடிப்பாகத்தைவிடக் குறையக்கூடாது. உயரத்தையும் பாருங்கள். அண்டாவை ஏற்றிய பிறகு அதன் வாய், கிண்டுகிறவரின் முழங்கைக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் ஆவி முகத்தில் அடிக்கும், தோள் வலிக்கும், எட்டிக் கிண்டும்போது அண்டாவும் ஆடும். நம் அக்காமார்கள் ஸ்டூல் மேல் ஏறி நின்று கிண்டுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

கடையில் கிடைப்பது இந்த அளவுக்கு ஒத்துவராவிட்டால், பட்டணத்து வெல்டிங் கடையில் தனியாக ஒரு ஸ்டாண்டு செய்து வாங்குங்கள். தடித்த ஆங்கிள் இரும்பு போதும். மழை பெய்த மண்ணில் கால் புதையாதபடி ஒவ்வொரு காலின் அடியிலும் 10 சென்டிமீட்டர் சதுரத் தகடு வைக்கச் சொல்லுங்கள். மேலே அண்டா நழுவாமல் நான்கு முளை. மூன்று பக்கம் காற்று மறைப்புத் தகடு. ஆனால் அடியில் காற்று போக இடைவெளி விடுங்கள். தோம்பு அந்த மறைப்புக்கு உள்ளே வரவே கூடாது. ஈயம் பூசியதுபோல் மினுக்கும் கால்வனைஸ் இரும்பு வேண்டாம். அதன் நாகப்பூச்சு சூட்டில் புகைந்தால் காய்ச்சலும் நெஞ்சு இறுக்கமும் வரும்.

மாற்றலாம் என்று நான் சொல்வது ஸ்டாண்டோடு முடிகிறது. காஸ் ஓடும் எந்தப் பாகத்திலும் கை வைக்கக்கூடாது. "தீ பத்தல" என்று சில பிள்ளைகள் நாசில் துளையை டிரில் போட்டுப் பெரிசாக்குகிறார்கள். அதனால் காஸ் கூடுகிறது, அதற்கு ஈடாகக் காற்று கலப்பதில்லை. நீலத் தீ மஞ்சளாகிறது, அண்டா கரி பிடிக்கிறது, கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. முதலில் தலைவலி, பிறகு வாந்தி, பிறகு மயக்கம். மழை வந்துவிட்டது என்று இந்த அடுப்பை மூடிய அறைக்குள் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தகரக் கூரை போட்டு, பக்கம் திறந்த கொட்டகையே இதற்குச் சரி.

ரெகுலேட்டரும் ஹோஸும் வேறு விஷயம். வீட்டு அடுப்பின் ரெகுலேட்டர் விடுவது சுமார் 30 மில்லிபார் அழுத்தம். ஹைபிரஷர் ரெகுலேட்டரை 1 பார், அதாவது 1,000 மில்லிபார் வரையும் அதற்கு மேலும் திறக்கலாம். முப்பது மடங்குக்கு மேல்! வீட்டு ஹோஸ் இதைத் தாங்காது. ஹைபிரஷருக்கென்றே செய்த ஹோஸ், சிரிம் முத்திரை பார்த்து, தோம்பை அடுப்பிலிருந்து 2 மீட்டராவது தள்ளி வைக்கும் நீளத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. இந்தக் காஸ் காற்றைவிடக் கனம். மேலே போகாது, தாழ்ந்து லோங்காங்கில் போய்த் தேங்கும். ஆகவே லயத்து லோங்காங் ஓரத்தில் அடுப்பு வேண்டாம்.

பெரிய அடுப்பு நீண்ட நேரம் எரிந்தால் தோம்பு வியர்த்துச் சில்லிட்டுப் போகும், தீயும் குறையும். உள்ளே திரவம் வேகமாக ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்வதுதான் காரணம். உடனே தோம்பைப் படுக்க வைப்பதும், கொதிநீர் ஊற்றுவதும் நம் பழக்கம். இரண்டும் உயிருக்கு ஆபத்து. படுத்த தோம்பிலிருந்து திரவமாகவே காஸ் வெளியே பாயும். இன்னொரு தோம்பைத் தயாராக வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் யாருக்காவது கொட்டிவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். வளையல், மோதிரத்தை வீங்குவதற்குமுன் கழற்றுங்கள். கிச்சாப், பற்பசை, மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி அழைத்து வாருங்கள். குழந்தை என்றாலும், முகம், கை, மறைவிடம் வெந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிதான், அவசரத்துக்கு 999.

மேளத்துக்கும் பந்தலுக்கும் தாராளமாகச் செலவு செய்கிற கமிட்டி, அடுப்பு என்றதும் நூறு வெள்ளிக்குப் பேரம் பேசுகிறது. அண்டா பக்கத்தில் நிற்பது யார்? நம் வீட்டுப் பெண்களும், தண்ணீர் தூக்கும் பையன்களும்தானே. கை வெந்தவர் மறுநாள் கத்தி பிடிக்க முடியாது. நாள் கூலியும் போகும். தலைவர்களே, அடுத்த கூட்டத்துக்கு முன் அளவு நாடா எடுத்துக்கொண்டு போய் உங்கள் கோயில் அடுப்பை அளந்து பாருங்கள். கால் ஆடினால், இந்த வருடச் செலவுக் கணக்கில் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.