நோன்பைக் களாச் செய்யலாம், கதிர்வீச்சை ஒத்திவைக்கலாகாது



நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவுறுத்தியுள்ளார்கள். தேடத் தொடங்கிய மருத்துவத்தை முழுமையாக நிறைவேற்றுவதும் அந்த அறிவுரைக்குள் அடங்கியதே என்பது நம் கருத்து. மூக்கின் பின்புறம், தொண்டையின் மேற்பகுதியில் தோன்றும் புற்றுநோயில் இது உயிர்ப் பிரச்சினையாகும்.

இந்நோயுடன் தொடர்புடைய எப்ஸ்டீன்-பார் வைரஸ் 1964-இல் கண்டறியப்பட்டது. உலகில் பெரும்பாலான மக்களின் உடலில் அது அமைதியாகத் தங்கியிருக்கிறது. மிகச் சிலருக்கே புற்றுநோயாகிறது. ஆகவே நோயாளியுடன் ஒரே தட்டில் உண்பதால் புற்றுநோய் தொற்றிவிடாது; அவரை ஒதுக்கி வைப்பது அநீதி. தென் சீனாவிலும் நம் நாட்டின் நாகாலாந்திலும் மிகுதியாகவும், நம் பகுதியில் அரிதாகவும் காணப்படும் நோய் இது. அரிது என்பதாலேயே கழுத்தில் வலியற்ற கட்டி, ஒரு காது மட்டும் அடைத்தல், மூக்குச் சளியில் இரத்தம் ஆகியவற்றைச் சளித் தொல்லை என்று எண்ணிக் காலம் கடத்திவிடுகிறோம். இவை நீடித்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைக் காண வேண்டும்.

"அறுவைச் சிகிச்சை இல்லை" என்று மருத்துவர் கூறினால், கைவிட்டுவிட்டார்கள் என்று குடும்பத்தார் கலங்குவதுண்டு. அது தவறான எண்ணம். மண்டையோட்டின் அடியில் மறைந்திருக்கும் அவ்விடத்தைக் கத்தி எளிதில் எட்டாது, கதிர்வீச்சு எட்டும். தொடக்க நிலையில் கதிர்வீச்சு மட்டுமே பெரும்பாலோரைக் குணப்படுத்துகிறது. முற்றிய நிலையில் சிஸ்பிளாட்டின் மருந்தும் சேர்க்கப்படுகிறது. 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர் 47 விழுக்காடு. மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 78 விழுக்காடு.

இச்சிகிச்சை வாரம் 5 நாட்களாக ஏறத்தாழ 7 வாரங்கள் நடைபெறும். வாய்ப்புண், உமிழ்நீர் வறட்சி, விழுங்க இயலாமை ஆகியவை வரும். அப்போது சில நாட்கள் விட்டுவிட்டால், எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருகத் தொடங்கும். ரமளான் குறுக்கிட்டால் தயக்கம் மேலும் கூடும். ஆனால் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கவல்லது. போதிய நீர் அருந்துவது கட்டாயம். நோயாளி வேறு நாட்களில் நோன்பு நோற்க அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் சலுகை அளிக்கின்றன. இறைவன் தந்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று. ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் சிகிச்சையுடன் சேர்ந்தே நடக்கட்டும். அதற்கு மாற்றாக அல்ல.

ஜமாஅத்துகளுக்கும் இதில் பொறுப்புண்டு. தேங்காப்பட்டணத்திலோ குளச்சலிலோ வாழும் ஏழை ஒருவர் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திற்கோ சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திற்கோ சென்றால், 7 வாரத் தங்குமிடமும் உணவும் துணையாளின் கூலி இழப்புமே அவரைப் பாதியில் திருப்பி அனுப்பிவிடும். தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது; அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை எதுவென முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். அதில் அடங்காத வழிச்செலவுக்கு வறியோரின் உரிமையான ஜகாத் பயன்படட்டும். பள்ளிவாசலுக்கு இரண்டு இளைஞர்கள் முறைவைத்து உடன் சென்றால் அதுவும் பெரும் தர்மமே.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நோயுற்ற அனைவருக்கும் அவன் முழுமையான ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.