விளையாட்டரங்கம்: முதல் ஐம்பது ஆட்டங்கள்

அமெரிக்கப் பேஸ்பால் பருவமொன்றில் ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள். கிரிக்கெட்டிலேயே ஊறிய நமக்கு மலைப்பூட்டும் கணக்குதான். 2019-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி முதல் 50 ஆட்டங்களில் 19-இல் மட்டுமே வென்றது. ஷெர்சர், ஸ்ட்ராஸ்பர்க் முதலிய பந்தெறிவாளர்கள் தேடித்தந்த முன்னிலையைப் பிற்பகுதியில் இறங்கியோர் பலமுறை பறிகொடுத்தனர். மேலாளர் மார்ட்டினெஸை விலக்குக என்ற குரல் வலுத்தது. நிர்வாகம் அசையவில்லை, அந்தப் பொறுமையையே நாம் பெரிதும் மதிக்கிறோம். எஞ்சிய 112 ஆட்டங்களில் 74 வெற்றிகள்! அக்டோபரில் உலகத் தொடரின் ஏழாம் ஆட்டத்தில் ஹூஸ்டனை வீழ்த்திக் கோப்பையையும் கைப்பற்றினர். பிறவூரில் வாழும் நம் அன்பர்கள் சுவைக்கத்தக்க செய்தியொன்று: அத்தொடரில் வென்ற நான்கு ஆட்டங்களும் எதிரணியின் ஊரில் நடந்தவை, சொந்த ஊரில் ஆடிய மூன்றிலும் தோல்வியே.